மூன்றாம் தடவையும் கழன்ற அடைப்பு

போன இதழில் பல்லில் வைக்கிற வெள்ளை அடைப்பைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, "டொக்டர், என்னுடையது கழன்று போச்சு" என்கிற முறைப்பாடுதான். சரி, இந்த மாதம் முழுக்க ஒட்டுக் கதை. முரசு வீக்கம் பற்றிக் கேட்ட மல்லாவி அக்கா அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

கேள்வி: மேல் முன்பல்லின் மூலை உடைந்து இரண்டு வருடம். மூன்று தடவை வெள்ளை அடைப்பு வைத்தாயிற்று, மூன்றும் கழன்றுவிட்டது. கடைசியாகக் கழன்றது முறிகண்டியில் பஸ் நின்றபோது வாங்கிய கச்சானைக் கடித்தபோது. வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு படிப்பிக்க வேண்டியிருக்கிறது. பாவிக்கிற பசை மலிவுச் சாமானா? கொழும்புக்குப் போனால் நல்ல பசை கிடைக்குமா?
பரந்தனில் இருந்து ஓர் ஆசிரியை

பதில்: ரீச்சர், முதலில் கச்சானை விடுதலை செய்துவிடுவோம். வடிவாக ஒட்டிய அடைப்பு கச்சானுக்கெல்லாம் கழராது. பசையின் விலையும் பெரும்பாலும் இரண்டாவது கதைதான், ஒட்டுவதற்கு முன்னால் பல்லை என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் கிடக்கிறது.

சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஓட்டை இருக்கிற இடத்தை அரத்தால் உரஞ்சுவார், தூசியைத் துடைப்பார், சொலூசனைப் பூசுவார், ஆனால் உடனே ஒட்டமாட்டார், ஊதி ஊதிக் காயவிட்டு விரலால் தொட்டுப் பார்த்து, பிறகுதான் துண்டை வைத்துத் தட்டுவார். ஈர ரியூப்பில் அவசரப்பட்டு ஒட்டினால் என்ன விலைச் சொலூசன் என்றாலும் அடுத்த சந்தியில் காற்றுப் போய்விடும்.

பல்லின் வெளிக்கவசமான எனாமல் அந்த ரியூப் மாதிரி. நீங்கள் பிள்ளைகளுக்கு மிளிரி என்று படிப்பிக்கிறது இதைத்தான். நிறையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம், கண்ணாடி போல வழுக்கும், எதைப் பூசினாலும் பிடிக்காது. இதற்கு வழி கண்டது அமெரிக்காவின் ரொச்செஸ்ரரில் வேலை செய்த மைக்கேல் புவோனகோர் என்கிற பல் ஆராய்ச்சியாளர், 1955இல். உலோகத் தகட்டில் பெயின்ற் பிடிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகளில் முதலில் பொஸ்போரிக் அமிலம் பூசுவார்கள், அதைப் பல்லில் செய்தால் என்ன என்று யோசித்து, 85 வீத அமிலத்தை 30 செக்கன் வைத்துப் பார்த்தார். இன்றைக்கு நாங்கள் பாவிப்பது 35 முதல் 37 வீதம் வரையான ஜெல். ஊசிக்குழாயில் நீல நிறத்தில் வருகிற அந்தச் சாமான்தான், உங்கள் நாக்கில் பட்டுப் புளித்திருக்கும். 15 முதல் 30 செக்கன் விட்டு, கழுவி, காற்று ஊதினால் பல்லின் மினுக்கம் செத்து, அந்த இடம் மட்டும் சோக்குத் தூள் அப்பியதுபோல வெளிறி நிற்கும். அந்த வெளிறலைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். அங்கே மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆயிரக்கணக்கான குழிகள் விழுந்திருக்கின்றன, பசை அதற்குள் இறங்கி இறுகி வேர்விடும்.

எனாமலுக்கு உள்ளே இருக்கிற டென்ரீன் வேறு சாதி. வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய எங்கள் ஆட்களுக்கு மேசன் வேலையில் பாதி தெரியும் என்பதால் இதை விளக்குவது லேசு. பூச்சுக்கு முதல் மேசன் சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். காய்ந்த கல்லில் பூசினால் கல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பூச்சுப் பொருக்கு விட்டு விழும். தண்ணீர் வழிய வழியப் பூசினாலும் நிற்காது. டென்ரீன் அந்தச் சுவர். அதில் கனிமம் 70 வீதம்தான், மிச்சம் கொலாஜன் என்கிற நாரும் தண்ணீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்த பிறகு நார் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும். நன்றாகக் காயட்டும் என்று அதற்கு நீளமாகக் காற்று ஊதினால், குளம் வற்றினதும் தாமரைத் தண்டுகள் சேற்றில் படுத்துக்கிடக்குமே, அப்படி நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும், பசை நுழைய வழி இராது. தண்ணீர் கூடினால் பசை நீர்த்துப் போகும். போதாக்குறைக்கு டென்ரீன் உள்ளே இருந்தும் ஊறும். ஒரு சதுர மில்லிமீற்றரில் பத்தாயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவ்வளவும் நரம்புப் பக்கம் இருந்து வருகிறவை.

அப்படியென்றால் உங்கள் உடைந்த மூலையில் எனாமல் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு மில்லிமீற்றர் தள்ளி டென்ரீன் ஈரமாக மினுங்க வேண்டும், குளமாகக் கூடாது. அதுவும் மூச்சும் எச்சிலும் நாக்கும் ஓயாத ஒரு வாய்க்குள்.

எச்சில்தான் முதல் எதிரி. நான் பேராதனையில் படித்துவிட்டு வந்த புதிதில் ஒரு பெடியனுக்கு முன்பல் கட்டினேன், அமிலம் கழுவி, ஊதி, வெளிறல் பார்த்து, பசையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் வாயை மூடி விழுங்கிவிட்டுத் திரும்பத் திறந்தான். பார்க்க ஒன்றும் தெரியவில்லை, நானும் திரும்ப ஊதிவிட்டுப் பூசிவிட்டேன். அடுத்த நாள் காலையில் அடைப்பைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எச்சிலில் இருக்கிற புரதம் அந்தக் குழிகளில் ஒரு படலமாக ஒட்டிவிடும், தண்ணீரில் கழுவி எடுக்க முடியாது, திரும்பச் சில செக்கன் அமிலம் வைக்க வேண்டும். அந்தப் பெடியனிடம் படித்த பாடம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

நாலாம் தடவை போகும்போது நீங்கள் கேட்க வேண்டியவை இவை. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்ட முடியுமா, இல்லையென்றால் பஞ்சும் உறிஞ்சு குழாயுமாவது வடிவாக வைப்பார்களா. ஓரத்து எனாமலைக் கொஞ்சம் சரித்துச் சீவினால் ஒட்டுகிற பரப்புக் கூடும், பழைய அடைப்பின் மிச்சத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். கடைசியாகக் கடி. கீழ்ப்பல்லை முன்னுக்குத் தள்ளிக் கடித்துப் பார்க்கும்போது அந்த மூலையில் இடித்தால் எந்த ஒட்டும் நிற்காது, மூன்று தடவை போனது என்றால் எனக்கு இதில்தான் சந்தேகம் கூட. எனாமல் மிச்சம் குறைவாக இருந்தால் ஒட்டுக் கதையை விட்டு, பல்லை முழுக்க மூடுகிற கவசப் பல் பற்றிக் கதையுங்கள். இதற்காகக் கொழும்புக்கு ஏ9இல் ஏற வேண்டாம்.

கேள்வி: என்னுடைய பல்லுக் கவசம் கழன்றுவிட்டது. கடலுக்குப் போகிற தொழில், கிளினிக்குக்கு அலைய நேரமில்லை. கடையில் விற்கிற சுப்பர் குளூவால் ஒட்டினால் என்ன, செருப்பே நிற்கிறதே?
முல்லைத்தீவில் இருந்து ஒரு சகோதரர்

பதில்: செருப்பு நிற்கும் அண்ணை, பல்லு நிற்காது. அந்தப் பசை ஈரம் பட்டால் செக்கனில் இறுகுகிற சாதி, அதனால்தான் விரல் ஒட்டுப்படுகிறது. நீங்கள் கவசத்தைச் சரியான இடத்தில் வைக்கிறதுக்கு முதலே அது இறுகிவிடும், ஒரு மயிரளவு உயர்ந்து நின்றால் கடிக்கும்போதெல்லாம் அந்தப் பல்லுத்தான் முதலில் இடிபடும். இறுகும்போது சூடும் வரும், முரசு புண்ணாகும். பிறகு வாய்த் தண்ணீரில் ஊறி நொருங்கிப் பாதி கழரும், மற்றப் பாதியைச் சுரண்டி எடுக்க நான் படுகிற பாடு வேறு, கவசமும் பழுதாகிவிடும். கழன்ற கவசத்தைக் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள், உள்ளே சூத்தை இல்லையென்றால் அநேகமாக அதையே திரும்ப வைக்கலாம். வாயில் சும்மா கொளுவிவிட்டுப் படுக்க மட்டும் வேண்டாம், நித்திரையில் மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரிய வினை.

கேள்வி: உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். பல்லில் ஒட்டுகிற பசையின் பிடியைக் கூட்ட என்ன ஆராய்ச்சிகள் நடக்கின்றன? சந்திரனுக்கே ரொக்கெற் விடுகிறார்கள், ஆயுள் முழுக்க நிற்கிற பசை ஒன்று ஏன் இன்னும் வரவில்லை?
வவுனியாவில் இருந்து ஒரு மாணவர்

பதில்: தம்பி, ஒட்டின அன்றைக்குப் பிடி போதும், இன்றைய பசைகளுக்கு அதில் குறை இல்லை. வருடங்கள் போகப் போக அந்தப் பிடி ஏன் தளர்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் தலையிடி.

எனாமலில் நடப்பது வேர் விடுகிற கதை, அது நீண்ட காலம் நிற்கிறது. டென்ரீனில் நடப்பதை 1982இல் ஜப்பானைச் சேர்ந்த நக்கபயாசி காட்டினார். பசை நார்களுக்கு இடையில் ஊறி, நாரும் பசையும் பின்னிப்பிணைந்த ஒரு புதுப் படை அங்கே உண்டாகிறது, சில மைக்ரோன் தடிப்புத்தான். அதைக் கலப்புப் படை என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துக் குழைத்த சுவர் மாதிரி, இரண்டும் தனித்தனியே நிற்காது, சேர்ந்தால் நிற்கும். ஆனால் வைக்கோலில் களி பிடிக்காத இடம் இருந்தால் அங்கேதான் கறையான் வரும்.

அந்தக் கறையான் இரண்டு வகை. ஒன்று தண்ணீர். ஈர டென்ரீனுக்குள் போக வேண்டும் என்றால் பசையில் தண்ணீருக்குச் சொந்தமான ஒரு பாகம் இருக்க வேண்டும், ஹெமா என்கிற மூலக்கூறு பல பசைகளில் இந்த வேலையைச் செய்கிறது. அது இல்லாவிட்டால் பசை வாசலில் நின்றுவிடும், இருந்தால் பிறகு காலமெல்லாம் தண்ணீரை உள்ளே கூட்டிக்கொண்டு வரும், தண்ணீர் பசையின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். இரண்டாவது கறையான் பல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீ படித்திருக்கக்கூடிய எம்எம்பி நொதியங்கள், பல் உருவான காலத்தில் டென்ரீனில் அகப்பட்டுத் தூங்கிக்கொண்டிருப்பவை. எங்கள் அமிலம் அவற்றை எழுப்பிவிடும், பசை மூடாத கொலாஜனை அவை அரிக்கத் தொடங்கும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான், வெளியில் இருந்து கிருமி வரத் தேவையில்லை, வீட்டுக்காரனே கூரையைப் பிரிக்கிறான்.

இவற்றுக்கு எதிராகச் செய்கிறவை பல. குளோர்ஹெக்சிடின், வாய் கொப்பளிக்கத் தருகிற அதே மருந்து, 2 வீதக் கரைசலை அமிலம் கழுவிய பிறகு பூசினால் நொதியம் அடங்குகிறது, ஆனால் மருந்தும் காலப்போக்கில் கழுவுப்பட்டுப் போவதால் பலன் நிரந்தரம் இல்லை. எதனோலால் டென்ரீனின் தண்ணீரை மாற்றிவிட்டு, தண்ணீருக்கு ஆகாத பசையை உள்ளே அனுப்புகிற முறையும் இருக்கிறது, ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்கிறது, வாயைத் திறந்துகொண்டு இருக்கிற மனிதருக்கு நேரம்தான் காணாது. திராட்சை விதைச் சாற்றால் கொலாஜனை இறுக்கிப் பார்க்கிறார்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவதைக் கேள்விப்பட்டிருப்பாய், அடிப்படை அதேதான், டென்ரீன் மண்ணிறமாகிவிடுவது ஒரு இடைஞ்சல்.

பெரிய மாற்றம் வந்தது வேறு பக்கத்தால். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் குராரே நிறுவனம் எம்டிபி என்கிற மூலக்கூறைச் செய்தது. அதன் பொஸ்பேற்று முனை பல்லின் கல்சியத்தோடு இரசாயனப் பிணைப்புப் போடும், உண்டாகிற உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. கனிமத்தை முழுக்கக் கரைத்துவிட்டு நாரை அம்மணமாக விடாமல், கொஞ்சம் கரைத்து மிச்சக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வித்தை. 2011 முதல் வரத் தொடங்கிய, எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் என்கிற பசைகள் பலவற்றில் இது இருக்கிறது. எனாமலுக்கு அந்தப் பசையில் இருக்கிற மென்மையான அமிலம் காணாது, அதனால் எனாமல் ஓரத்துக்கு மட்டும் பொஸ்போரிக் ஜெல் வைத்துவிட்டு, டென்ரீனைத் தொடாமல், மேலே இந்தப் பசையைப் பூசுவது நல்ல வழி. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ரொக்கெற் போகிற இடத்தில் எச்சில் இல்லை தம்பி.

கேள்வி: கடைவாய்ப் பல்லுக் குத்து தாங்காமல் அம்மம்மா ஒரு கிழமையாகக் கராம்பு எண்ணெய் பஞ்சில் வைத்துவிட்டார். டொக்டரிடம் போனால், மணத்தைப் பிடித்துவிட்டு இன்றைக்கு வெள்ளை அடைப்பு வைக்கமாட்டேன் என்கிறார். கராம்பு நல்லது தானே?
புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு வாசகி

பதில்: குத்துக்கு நல்லதுதான் தங்கச்சி, அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். கராம்பில் இருக்கிற இயூஜினோல் நரம்பை மரக்கப்பண்ணும், நாங்களும் அதே சாமானைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறோம். ஆனால் பசை இறுகுவது ஒரு சங்கிலி வேலை. பசையை இறுக்க நாங்கள் பிடிக்கிற நீல வெளிச்சம் பட்டதும் ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்கும், அது அடுத்ததை. இயூஜினோல் இடையில் புகுந்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடும், பசை பாதி இறுகிப் பாதி பிசுபிசுத்துப் போய் நிற்கும், பாலைப்பழம் தின்ற உதடு மாதிரி. ஒரு கிழமை ஊறின பல்லில் ஒட்டியிருந்தால் நீங்களும் அடுத்த மாதம் இந்தப் பக்கத்துக்குக் கழன்ற கடிதம்தான் எழுதியிருப்பீர்கள். உங்கள் டொக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எண்ணெயை நிறுத்திவிட்டு அவர் சொன்ன நாளுக்குப் போங்கள். அப்படிக் குத்துகிற பல்லுக்கு அடைப்பு மட்டும் காணுமா, நரம்புச் சிகிச்சை வேண்டுமா என்பதையும் அன்றைக்குக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. பல்லெல்லாம் மண்ணிறத் திட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். இப்போது கம்பி போட்டிருக்கிறோம், பல்லில் ஒட்டின சின்னச் சின்னக் கட்டைகள் மாதத்துக்கு ஒன்று கழன்று விழுகிறது. மகள்தான் கவனமில்லாமல் இருக்கிறாளா?
நெடுங்கேணியில் இருந்து ஒரு தாய்

பதில்: பிள்ளையைப் பேசாதீர்கள் அம்மா. எங்கள் வறண்ட பக்கத்தில், வவுனியாவிலும் அநுராதபுரத்திலும், சில கிணறுகளில் புளோரைட்டுக் கூட. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாடைக்குள் பல் உருவாகிற சின்ன வயதில் அதற்கு மேலே குடித்தால் இந்தத் திட்டு வரும். அப்படிப்பட்ட எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு லேசில் மசியாது, வழக்கமான நேரம் வைத்தால் அந்தச் சோக்கு வெளிறல் விழாது, விழுந்தாலும் திட்டுத்திட்டாக விழும். ஆகவே அமிலத்தை ஒரு நிமிடம் வரைக்கும், சிலவேளை அதற்கு மேலேயும் வைப்பதும், மேல்தோலை மெல்லச் சுரண்டிவிட்டு வைப்பதும் உண்டு. கம்பி போடுகிற டொக்டரிடம் இதைச் சாடையாகக் கேட்டுப் பாருங்கள், கோபிக்கமாட்டார்.

கம்பிக் கட்டைக்கு வைக்கிற ஒட்டு எப்படியும் நிரந்தர ஒட்டு இல்லை. இரண்டு வருடம் நிற்கவும் வேண்டும், முடிவில் எனாமலைப் பிய்க்காமல் கழரவும் வேண்டும். அப்படி இரண்டும்கெட்டான் நிலையில் இருக்கிற ஒட்டில் ஒன்றிரண்டு கழன்றால் அது வழமை, மாதம் ஒன்று என்றால் கவனிக்க வேண்டியதுதான். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் புளோரைட்டுப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

கேள்வி: பல் சிகிச்சை அறையில் உதவியாளராக வேலை செய்கிறேன். கோடையில் பொண்டிங் (அடைப்புக்கு முதல் பூசுகிற பசை) போத்தல் பாதி வருவதற்குள் தடித்துப்போகிறது, கரண்டும் அடிக்கடி போகும். காலாவதித் திகதி இன்னும் இருக்கிறது, பாவிக்கலாமா? எப்படி வைத்துப் பாதுகாப்பது?
பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தங்கச்சி

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான், டொக்டர்மார் கேட்டிருக்க வேண்டியது. திகதி இருந்தாலும் தடித்த பசையைப் பாவிக்க வேண்டாம். பசையை மெல்லியதாக்கி உள்ளே கொண்டுபோகிற கரைப்பான் அசிற்றோனோ எதனோலோதான், மூடி திறந்து கிடந்தால் அது பறந்துவிடும், வன்னி ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம். சொட்டை எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள். நோயாளி கதிரையில் ஏறும்போதே சொட்டை விட்டு வைக்கிற பழக்கம் பல இடத்தில் உண்டு, ஆயத்தமாக இருக்கிறோம் என்று காட்டத்தான் அது, ஆனால் அமிலம் கழுவி முடிகிறதுக்குள் அந்தச் சொட்டில் பாதி காற்றில், மிச்சம் மேல் லைற்றின் வெளிச்சத்தில் இறுகத் தொடங்கியிருக்கும். கேட்டபோது மட்டும் விடுங்கள்.

லேபலில் குளிரில் வை என்று இருந்தால் பிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் பாவிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முதலே வெளியில் எடுங்கள். குளிர்ந்த பசை தடித்து நிற்கும், கரைப்பானும் பறக்காது. அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் பெரிய போத்தலை வாங்கி இழுபறிப்படுவதைவிடச் சின்னதாக வாங்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இவை உங்கள் கையில் இருப்பதால் சொல்கிறேன். காற்று ஊதுகிற குழாயைக் காலையில் முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒருக்கால் ஊதிப் பாருங்கள், தண்ணீர்ப் பொட்டோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் கொம்பிரஸரைச் சுத்தம் செய்யும் வரைக்கும் எந்த ஒட்டும் நிற்காது. அப்படிப் பார்க்காமல் நாள் முழுக்கப் பல்லில் எண்ணெய் ஊதின அறைகளை நான் கண்டிருக்கிறேன். அடுத்தது நீல லைற். அதன் நுனியில் காய்ந்த கொம்போசிற் (வெள்ளை அடைப்புச் சாமான்) ஒட்டியிருந்தால் வெளிச்சம் பாதிதான் இறங்கும், பற்றரி இறங்கின லைற்றும் பார்க்க நீலமாகத்தான் எரியும், ஆனால் உள்ளே இறுகாது. டொக்டர் பிடிக்கச் சொன்னால் பல்லுக்குக் கிட்டவாக, நேராகப் பிடியுங்கள், செம்மஞ்சள் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்க வேண்டாம்.

பசை பூசுகிறதை எட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். நல்ல கைக்காரர் தூரிகையால் ஒருக்கால் தடவிவிட்டு விடமாட்டார், 20 செக்கன் தேய்த்துக்கொண்டே இருப்பார், பிறகு மெல்ல ஊதுவார். ஊதும்போது பசை முதலில் குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அடிக்கும். அலை நின்று, அசையாமல் மினுங்கினால் கரைப்பான் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் லைற்.

கேள்வி: அடுத்த மாதம் கலியாணம். பல்லு வெள்ளையாக்கவும் வேண்டும், முன்பல் இடைவெளி அடைக்கவும் வேண்டும். ஒரே நாளில் செய்யலாமா?
கிளிநொச்சியில் இருந்து ஒரு மணமகள்

பதில்: முதலில் வெள்ளை, பிறகு இரண்டு கிழமை கழித்து அடைப்பு. வெள்ளையாக்குகிற மருந்தின் ஒட்சிசன் பல்லுக்குள் தங்கியிருந்து பசையை இறுக விடாது, நிறமும் அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். இன்றைக்கே திகதி எடுங்கள். வாழ்த்துகள்.

கேள்வி: எனக்கு 68 வயது, வெற்றிலை போடுவேன், உமிக்கரியில் பல்லு விளக்கிப் பழக்கம். பல்லுகளின் அடியில், முரசோடு சேர்ந்த இடத்தில் கோடாலியால் கொத்தினது போலப் பள்ளம். அடைத்தால் ஆறு மாதம் நிற்கிறதில்லை. வயதுக்குப் பிறகு பல்லு பசையை ஏற்காதோ?
ஒட்டுசுட்டானில் இருந்து ஓர் ஐயா

பதில்: கொஞ்சம் உண்மைதான் ஐயா. பல வருடம் உரஞ்சுப்பட்ட டென்ரீன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும், நுண்குழாய்களைக் கனிமத்தால் அடைத்து, தேன்நிறத்தில் கண்ணாடி போலாகிவிடும். அதனால்தான் அவ்வளவு பள்ளம் இருந்தும் உங்களுக்குக் கூச்சம் பெரிதாக இல்லை, அதே காரணத்தால் பசைக்கும் இறங்க வழி இல்லை. மேல்படையைக் கொஞ்சம் சீவி, பசையை வழமையைவிடக் கூட நேரம் தேய்க்க வேண்டும். அந்த இடத்தில் முரசால் ஈரமும் கசியும், கடிக்கும்போது பல்லின் கழுத்து மெல்ல வளைந்தும் கொடுக்கும், ஒட்டுக்கு இதைவிடக் கஷ்டமான இடம் வாயில் இல்லை.

உங்களுக்கு நான் கண்ணாடி அயனோமர் என்கிற சாமானைத்தான் சிபாரிசு செய்வேன். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்ற்றும் கொண்டுவந்தது. தூளும் திரவமும் குழைத்து வைப்பது, இடையில் பசை தேவையில்லை, அதுவே பல்லின் கல்சியத்தோடு பிணைந்துகொள்ளும், கொஞ்ச ஈரத்தையும் பொறுக்கும், புளோரைட்டும் விடும். வடிவு குறைவு, சிரிக்கும்போது பால் வெள்ளையாகத் தெரியலாம், கெதியாகத் தேயும். ஆனால் நிற்கும். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இயந்திரம் இல்லாமல், கையாலேயே சூத்தையைச் சுரண்டி அடைக்கிற முறைக்கும் இதைத்தான் பாவிக்கிறார்கள். அந்த முறை 1980களில் தன்சானியாவில் தொடங்கியது, கரண்ட் இல்லாத ஊருக்கென்றே கண்டுபிடித்தது.

உமிக்கரியை மட்டும் விடுங்கள் ஐயா. புது அடைப்பை நாங்கள் வைக்க வைக்க நீங்கள் அரம் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். மெல்லிய தும்புப் பிரஷும் கொஞ்சம் பற்பசையும் போதும், நெல்லுக் குத்துகிற வேகம் வேண்டாம். வெற்றிலையைப் பற்றி இன்னொரு நாள் தனியாகக் கதைப்போம், அது பல்லோடு முடிகிற விஷயம் இல்லை.

கேள்வி: நேற்று முன்பல் கட்டினேன். வீட்டில் புழுக்கொடியல் இருக்கிறது. சாப்பிடலாமா?
மாங்குளத்தில் இருந்து

பதில்: இடித்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு, கரண்டியால்.